கட்டி எத்தனை கிலோ என்பதா செய்தி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறந்த குழந்தையின் வால் எலும்புப் பக்கம் இருந்த பெரிய கட்டியை அகற்றி டாக்டர்கள் சாதனை என்று போன இதழில் வந்ததைப் படித்தேன். குழந்தை பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான், அந்த டாக்டர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், இந்த மாதிரிச் செய்திகளைப் பார்த்தாலே எனக்கு ஒரு எரிச்சல் வரும். கட்டி எத்தனை கிலோ, ஆபரேஷன் எத்தனை மணி நேரம், எத்தனை டாக்டர்கள், எல்லாம் போட்டிருந்தீர்கள். படித்து முடித்துவிட்டுத் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கும் ஒரு அம்மாவுக்கு உதவுகிற மாதிரி ஒரு வரி இல்லை.

அந்தக் கட்டிக்கு டெரட்டோமா என்று பெயர். சுமார் 35,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று வரும், பெண் குழந்தைகளுக்குத்தான் அதிகம். பிறக்கும்போது பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் அப்படி மாறும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். கட்டியோடு சேர்த்து வால் எலும்பையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி வளரும் என்பது 1950களிலேயே தெரிந்துவிட்ட விஷயம். அப்புறமும் கட்டி மறுபடி வளர்கிறதா என்று பார்க்கச் சில வருடங்களுக்கு ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். 'சாதனை' என்று பேப்பரில் வந்த பிறகு பெற்றோர் இந்தப் பரிசோதனைகளுக்கு வராமல் நின்றுவிடுவது உண்டு. ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்பார்கள்.

சரி, கட்டியாவது கண்ணுக்குத் தெரியும். எங்கள் வார்டில் எல்லோரையும் அதிகம் நோகடித்தது பித்தநாளம், அதாவது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய், அடைபட்ட குழந்தைகள்தான். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை சகஜம் என்பதால் 'வெயிலில் காட்டுங்கள், போய்விடும்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள், சில சமயம் சொன்னவர் டாக்டராகவே இருப்பார். குழந்தையும் கொழுகொழுவென்று பால் குடித்துக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் மலம் மட்டும் வெளிறி வெள்ளைக் களிமண் மாதிரி போகும், மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விடும். காமாலை 2 வாரம் தாண்டியும் போகவில்லை, மலமும் வெளிறியிருக்கிறது என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் 1950களில் கண்டுபிடித்த ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, குடலை எடுத்து நேரே கல்லீரலோடு இணைத்துவிடுவார்கள். 60 நாளுக்குள் செய்தால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, தாமதிக்கத் தாமதிக்க அது குறைந்து, கடைசியில் கல்லீரல் மாற்று ஒன்றுதான் வழி என்றாகிவிடும். தைவானில் மலத்தின் நிறங்களை அச்சடித்த அட்டை ஒன்றைக் குழந்தையின் சுகாதாரக் கையேட்டோடு சேர்த்து 2004 முதல் நாடு முழுவதும் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு 60 நாளுக்குள் ஆபரேஷனுக்கு வரும் குழந்தைகளின் பங்கு கூடியது. ஒரு அட்டை, அவ்வளவுதான்!

அதேபோல வில்ம்ஸ் என்ற சிறுநீரகக் கட்டி. பெரும்பாலும் இதைக் கண்டுபிடிப்பது குளிப்பாட்டுகிறவர்தான், வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்படும், வலிகூட இருக்காது. சரியான சிகிச்சை கிடைக்கும் இடங்களில் 10 குழந்தைகளில் 9 பேர் பிழைக்கிறார்கள். ஆனால் செய்தி தெரிந்ததும் வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் 'எங்கே, பார்க்கட்டும்' என்று ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே கட்டி உடைந்தால் நோயின் கட்டமே மாறிவிடும், மருந்து கூடும், கதிர்வீச்சும் சேர்ந்துகொள்ளும். அதனாலேயே கட்டிலுக்கு மேல் 'வயிற்றை அமுக்காதீர்கள்' என்று எழுதி மாட்டுவோம். அதைப் படித்துக்கொண்டே அமுக்குகிறவர்களும் உண்டு!

இன்னும் சிலவற்றைச் சும்மா சொல்லிவிட்டுப் போகிறேன். பச்சையாக வாந்தி எடுக்கும் கைக்குழந்தையை அன்றைக்கே, அந்த மணி நேரமே கொண்டுபோக வேண்டும், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். பிறந்து 24 மணி நேரமாகியும் கருமலம், அதாவது குழந்தையின் முதல் மலம், போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் கருமணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதைவிடக் கோபம் வருவது படங்களைப் பார்த்துத்தான். ஆசனவாய் இல்லாமல் பிறந்த குழந்தை என்று தலைப்பு, கீழே குழந்தையின் முகம், பெயர், அப்பா பெயர், ஊர். 5,000 பேரில் ஒருவருக்கு வருகிற குறைதான் இது, அம்மா எதையோ சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வருவதும் இல்லை. முதலில் மலம் வெளியேற வயிற்றில் வழி வைத்து, பிறகு ஆசனவாய் அமைத்து, கடைசியில் வயிற்று வழியை மூடி, நடுவே மாதக்கணக்கில் வீட்டிலேயே, புது ஆசனவாய் சுருங்கிவிடாமல் டைலேட்டர் என்ற வழவழப்பான கம்பியை வைத்து விரிக்கச் சொல்வார்கள். குழந்தை வீறிடும், அம்மா அழுதுகொண்டே செய்வாள். முதல் தடவை அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. அப்படியெல்லாம் தேறி வருகிற பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது, கூடப் படிக்கிற ஒருவன் போனில் அந்தப் பெயரைத் தட்டினால் உங்கள் செய்தி வந்து நிற்கும். அந்தக் குழந்தையிடம் யார் அனுமதி கேட்டது?

சாதனை என்ற வார்த்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உணவுக்குழாய் அடைப்பு, குடல் வயிற்றுக்கு வெளியே இருப்பது போன்ற 7 பிறவிக் குறைகளை வைத்து 74 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பணக்கார நாடுகளில் இந்தக் குழந்தைகளில் சுமார் 6 சதவீதம் பேர் இறந்தார்கள், ஏழை நாடுகளில் சுமார் 40 சதவீதம். தொற்றோடு தாமதமாக வந்து சேர்வது, வென்டிலேட்டர் இல்லாதது, நரம்பு வழியாக ஊட்டச்சத்து கொடுக்க வழியில்லாதது, இதெல்லாம்தான் குழந்தையைக் கொண்டுபோகிறது. ஒரு டாக்டரின் கைத்திறனைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் இதற்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் குழந்தையின் முகத்தையும் பெயரையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் மலத்தின் நிறங்களை, எது சரி எது சரியில்லை என்று, ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். கலர் பக்கத்திலேயே போடுங்கள், மங்கலாக அச்சானால் இளமஞ்சளும் வெளிறலும் ஒன்றுபோலத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ்