இங்கிலீஷ் ஹார்பருக்குப் படகில் போகவில்லை, இரண்டு நாள் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மார்ச் மாதம் நானும் என் மனைவியும் உங்கள் பாய்மரப் படகில் கரீபியனில் உள்ள ஆன்டிகுவா தீவைச் சுற்றிப் பார்க்க ஐந்து நாள் பயணம் வந்தோம்.

நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்தில் மூன்றாம் நாளுக்கு, பாய் விரித்து, தென்கரையில் உள்ள இங்கிலீஷ் ஹார்பர் துறைமுகத்துக்குள் நுழைந்து இரண்டு இரவு நங்கூரம் போடுவோம் என்று இருந்தது. நாங்கள் பணம் கட்டியதே அந்த ஒரு வரிக்காகத்தான். ஆனால் படகு மேற்குக் கரையில் ஜாலி ஹார்பரை விட்டு நகரவே இல்லை. எதிர்க்காற்று, போக முடியாது என்றார் கேப்டன். அப்புறம் எங்களை வேனில் ஏற்றி, தனியாகக் காசும் வாங்கிக்கொண்டு, அந்தத் துறைமுகத்தில் உள்ள பழைய கடற்படைக் கப்பல் பட்டறையான நெல்சன்ஸ் டாக்யார்டை அவசரமாகச் சுற்றிக் காட்டிவிட்டு மதியமே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

எதிர்க்காற்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஆண்டில் பெரும்பாலான நாட்கள் கிழக்கிலிருந்துதான் காற்று அடிக்கும், மேற்குக் கரையிலிருந்து தென்கரையைச் சுற்றி அந்தத் துறைமுகத்துக்குப் போகிற எந்தப் படகும் அதை எதிர்த்துத்தான் போயாக வேண்டும், இது உங்களுக்குத் தெரியாதா? அன்று காலை எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய இரண்டு படகுகள் அங்கே நங்கூரமிட்டு நின்றதை நாங்களே பார்த்தோம்.

கரையிலிருந்து பார்த்தால் போதாதா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். போதாது. துறைமுகத்தின் வாய் குறுகலாகவும் உள்ளே ஆழமாகவும் சுற்றிலும் குன்றாகவும் இருப்பதால், புயலிலும் போரிலும் கப்பல்களுக்குப் பாதுகாப்பு என்றுதான் பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாயின் மேற்கு முனையில் ஃபோர்ட் பெர்க்லி கோட்டை, கிழக்கே உயரத்தில் ஷர்லி ஹைட்ஸ் காவல் அரண். அந்தக் காலத்துக் கப்பல் வந்த வழியிலேயே, பெர்க்லி பீரங்கிகளின் முன்னால் படகில் நுழைந்தால்தான் ஏன் அங்கே கோட்டை கட்டினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வழிகாட்டி 1784 முதல் 1787 வரை அந்தப் பகுதியில் பணியாற்றிய பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி நெல்சனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு இல்லாமல் அந்தக் கடற்படைத் தளமே உருவாகியிருக்காது. 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அதைச் சேர்த்த யுனெஸ்கோவும் இதைத்தான் சொல்கிறது. என் மனைவி அந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றிக் கேட்டதற்கு, நேரமில்லை என்று வழிகாட்டி நகர்ந்துவிட்டார். எங்களுக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டு நாள் கட்டணத்தையும் வேன் காசையும் 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள். பயணத் திட்டத்தில் அந்த வரியையும் திருத்துங்கள். எஞ்சின் போட்டுப் போவோம் என்று எழுதியிருந்தால்கூட நாங்கள் சரி என்றிருப்போம். ரசீதையும் பயணத் திட்டத்தையும் இணைத்திருக்கிறேன்.