இரண்டு வருடம் என்றுதானே சொல்லிவிட்டு வந்தேன், அம்மா

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நாங்கள் நால்வரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் முடிந்திருந்தால் தம்பியிடம் கேளுங்கள், அவனுக்கு எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிடாதீர்கள்.

தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கல்யாணத்துக்கு உங்கள் கையிலிருந்து கழற்றிப் போட்டீர்களே, ஆச்சி வளையல் இரண்டு, அவை இப்போது என்னிடம் இல்லை. 2022 ஜூன் மாதம் விற்றுவிட்டேன். அதற்குப் பிறகு உங்களோடு பேசும்போதெல்லாம் கையைக் கீழே வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். போன மாதம் நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்டபோது, பாத்திரம் கழுவக் கழற்றி வைத்தேன் என்றேன். அது பொய். அன்று இரவு முழங்காலில் நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. தாயிடம் பொய் சொன்ன வாயால் ஆண்டவரிடம் என்ன பேசுவது?

நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் 2022 ஜனவரியில் வந்தபோது டாலருக்கு இலங்கைப் பணம் ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதம் 360. நம் இந்திய ரூபாய் ஒன்று அனுப்ப இங்கே மூன்று ரூபாய்கூட வேண்டியிருக்கவில்லை, அது நாலரைக்கு மேல் போய்விட்டது. உங்கள் மருமகனுக்குச் சம்பளம் இலங்கைப் பணத்தில்தான். போதாததற்குக் கம்பெனியில் ஐந்து மாதம் பாதிச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்குக் கடைசி வருடக் கட்டணம் ஜூன் மாதத்துக்குள் கட்டியாக வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பணம் எங்கே இருந்து வரும் என்று எனக்குத் தெரியாதா? ஜூனில் உங்களுக்கு வந்தது சம்பளப் பணம் இல்லை அம்மா, அந்த வளையல்.

செட்டியார் தெருவுக்குத் தனியாகத்தான் போனேன். டீசல் தட்டுப்பாட்டில் பஸ்கள் குறைந்திருந்தன. 100ஆம் எண் பஸ்ஸுக்கு, காலி என்ற ஊருக்குப் போகும் காலி வீதியில் ஒன்றேகால் மணி நேரம் நின்று, புறக்கோட்டையில் இறங்கி நடந்தேன். கடைக்காரர் உரைகல்லில் உரசினார், தராசில் வைத்தார். பிறகு ஒரு வளையலைக் கையில் எடுத்து, நெளிந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நான் ஐந்து வயதில் கிணற்றுச் சுவரில் இடித்து நெளித்தேனே, நீங்கள் என்னை அடிக்காமல் அழுதீர்களே, அந்த இடம். அவருக்கு அது எடையில் ஒன்றுமில்லாத நெளிவு. எனக்கு அதைப் பார்த்தபடி நிற்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ‘இதையும் எடுத்துக்கொண்டீரா ஆண்டவரே’ என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வந்த ஆறு மாதத்தில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதுவரை காலையிலும் இரவிலும் ஒரே வாக்கியம்தான்: எங்களைச் சீக்கிரம் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அப்படிக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாகவும் நினைத்திருந்தேன். புறப்படுவதற்கு முன் நம் கோயிலில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுத்தேனே, நினைவிருக்கிறதா? எரேமியா 29:11. தீமைக்கு அல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள் என்று வரும் வசனம். ‘போய் இரண்டு வருடத்தில் நல்லபடியாகத் திரும்பி வருவாய்’ என்று நீங்களே சொல்லி என் பைபிளுக்குள் வைத்தீர்கள். நானும் அதை ஊர் திரும்பும் டிக்கெட்டாகவே வைத்திருந்தேன்.

ஜூலையில் ஒரு நாள் கேஸ் வரிசையில் நின்றேன். விடிகாலை நாலு மணி. காலி சிலிண்டர்கள் தெரு நீளத்துக்கு நின்றன, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி ஒன்றோடொன்று கயிற்றால் கட்டியிருந்தார்கள். மின்சாரம் இல்லை. பக்கத்துப் பிளாட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து மாமி தன் சிலிண்டரின் மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பொழுது போக வேண்டுமே என்று, போன் வெளிச்சத்தில் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து படித்தேன். இத்தனை வருடம் பதினோராம் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள், அது ஒரு கடிதம் என்பதையே கவனித்ததில்லை அம்மா. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி இரண்டு பேர் கையில் கொடுத்தனுப்பியது. அதில் இருப்பது என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள். நீங்கள் போயிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள். எழுபது வருடம் கழித்துத்தான் திரும்பி வருவீர்கள். நம் வாக்குத்தத்தம் இதற்கு அடுத்த வசனம்! இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் முந்தைய அதிகாரத்தில் வருகிறான். அவன் பெயர் அனனியா, பொய்த் தீர்க்கதரிசி.

உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தானே அந்த நினைவுகள்? எனக்கு நம் இடையன்குடிக் கோயில் நினைவுக்கு வந்தது. கால்டுவெல் ஐயர் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது, 33 வருடம். கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் அதற்குள் உட்கார்ந்து ஆராதிக்காமலே போயிருப்பார்கள்!

மாமியிடம் இதைச் சொன்னேன். அவர் 1995இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது ஒரு பையோடு வெளியேறியவர். இரண்டு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் கதவைப் பூட்டினாராம். ‘பிள்ளை, கொழும்புக்கு வந்து பத்து வருடம் நான் ஒரு செடியும் வைக்கவில்லை. வைத்தால் இங்கேயே இருக்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமே என்று பயம். அந்தப் பத்து வருடமும் ஆண்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், நான் மட்டும் இங்கே இருக்கிறேன் என்று நினைத்து வாழ்ந்தேன்’ என்றார். இப்போது அவர் பால்கனியில் நடக்க இடம் இல்லை. பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, தகர டின்னில் பச்சைமிளகாய், கயிற்றில் ஏறும் பாகல். காலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சத்தமாகத்தான் ஜெபிப்பார், சுவர் தாண்டி எனக்குக் கேட்கும். கரண்ட் பில் இவ்வளவு வந்திருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, மகன் ஒரு வாரமாக எடுக்கவில்லை என்று வீட்டுக் கணக்கு முழுவதையும் ஆண்டவரிடம் ஒப்புவிப்பார். அழகான வார்த்தை ஒன்றும் இருக்காது. நானும் இப்போது அப்படித்தான் பேசப் பழகிவருகிறேன். அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூடச் சொல்கிறேன். பதில் வருகிறதா என்றால், பல நாள் வருவதில்லை. ஆனால் மறுநாளும் போய்ச் சொல்ல முடிகிறது. முழு இருதயத்தோடு தேடினால் என்னைக் கண்டுபிடிப்பீர்கள் என்று அதே கடிதத்தில்தான் இருக்கிறது, பாபிலோனில் இருந்தவர்களுக்குத்தான் எழுதியிருக்கிறது.

கேஸ் அன்று கிடைக்கவில்லை, மூன்றாம் நாள்தான் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெரியவர் என் இடத்தை இரண்டு முறை பிடித்து வைத்திருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

பட்டணத்துக்காக ஜெபிப்பது என்பது முதலில் எனக்கு வாயளவில்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாமி கத்தோலிக்கர்களின் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நாம் சி.எஸ்.ஐ. சபை, மாமி மெதடிஸ்த சபை, நேர்ச்சை வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஆனாலும் போனோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் குண்டு வெடித்த கோயில்களில் அதுவும் ஒன்று. அந்த ஒரே நாளில் நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஈஸ்டருக்குப் பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். உள்ளே தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம் ஜெபம் கேட்டது. பொட்டு வைத்த பெண்களும் பௌத்தர்களும் வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார், எதற்கென்று தெரியாது, அவர் மொழியும் எனக்குத் தெரியாது. அங்கேதான் முதல் முறையாக இந்த ஊரை ‘எங்கள் ஊர்’ என்று சொல்லி ஜெபித்தேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. சின்னவள் படிக்கட்டை எக்க, தெக்க, துன என்று சிங்களத்தில் எண்ணுகிறாள். காலையில் இசை ஒலிக்க ஓட்டோவில் பாண் வந்தால் அண்ணனுக்கு முன்னால் ஓடுவாள். ரொட்டி என்று சொன்னால் என்னைத் திருத்துகிறாள்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவருக்கு வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டித்திருக்கிறார்கள். முழுச் சம்பளம். சம்மதித்துவிட்டோம். ஒரு வாரம் ஜெபித்தோம், எந்த அடையாளமும் கிடைக்கவில்லை, கனவும் வரவில்லை. பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். உங்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். வாசலில் நின்று நீங்கள் விரல்விட்டு எண்ணிய இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. வளையலுக்காக என்னைத் திட்டுங்கள், இதற்காக அழாதீர்கள். அப்படியே அழுதாலும் தம்பி முன்னால் வேண்டாம், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டாம்.

போன வாரம் மாமி ஒரு கறிவேப்பிலைக் கன்றைப் பிரித்துக் கொடுத்தார். பழைய வாளியில் வைத்திருக்கிறேன், இரண்டு இலை விட்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வரும்போது திரும்பக் கொண்டுவர நல்ல கருப்பட்டி இரண்டு கிலோ சொல்லி வையுங்கள், ஒன்று மாமிக்கு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எங்கள் பெயரைச் சொல்லும்போது கொழும்பின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா.

உங்கள் அன்பு மகள்