கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுத்த கார்டியாக் (இதய) எம்ஆர்ஐ: புகார்

பெறுநர்: மேலாளர், ஸ்கேன் மையம், மதுரை

ஐயா, வணக்கம்.

மூன்று வாரத்தில் தேவகோட்டையிலிருந்து உங்கள் மையத்துக்கு நான்கு நடை வந்தாகிவிட்டது. போனில் பேசியதற்குக் கணக்கே இல்லை. இனி எழுத்தில்தான் பேசுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பாவுக்கு வயது 64. போன மாதம் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாய் அடைப்பை விரிக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் இரண்டு குழாயில் அடைப்பு இருக்கிறது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 32 சதவீதம்தான். பைபாஸ் செய்தால் பலன் இருக்குமா என்று முடிவு செய்ய, அடிபட்ட தசையில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது, எவ்வளவு தழும்பாகிவிட்டது என்று டாக்டருக்குத் தெரியவேண்டும். அதற்காகத்தான் 'கார்டியாக் எம்ஆர்ஐ, கான்ட்ராஸ்டுடன், வயபிலிட்டி பார்க்க' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை உங்கள் கவுன்டரில் ஒவ்வொரு முறையும் நீட்டியிருக்கிறேன்.

மூன்றாவது நடையில் ஸ்கேன் எடுத்து நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் பம்பிங் அளவும், இதயச் சுவர் எங்கே சரியாக அசையவில்லை என்பதும் இருக்கின்றன. எக்கோவிலேயே தெரிந்ததுதான் அது. தழும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? காடோலினியம் என்கிற கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றவே இல்லையே! மருந்து ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எடுக்கிற படத்தில்தான் தழும்பு வெள்ளையாகத் தெரியும் என்று டாக்டர் எனக்கே இரண்டு நிமிடத்தில் புரியவைத்தார். தினமும் இதையே செய்கிற உங்களுக்குத் தெரியாதா? அரை மணி நேரத்தில் அப்பாவை வெளியே கொண்டுவந்தபோதே கேட்டேன். "எல்லாம் முடிஞ்சுது சார்" என்றார்கள். அப்பாவின் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன். ஊசி குத்திய தடம் இல்லை, பஞ்சு இல்லை, பிளாஸ்திரி இல்லை. ஆனால் பில்லில் கான்ட்ராஸ்ட் மருந்துக்கு 3,500 ரூபாய்.

நான்காவது நடை இதைக் கேட்கத்தான். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்பாவோடு நேரே அங்கே வந்தேன். கவுன்டரில் இருந்தவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேஷன்ட் மூச்சைப் பிடிக்கல, நாங்க என்ன பண்றது?" என்றார். மாரடைப்பு வந்தவர் பத்துப் பன்னிரண்டு விநாடி மூச்சடக்கத் திணறத்தான் செய்வார். அதற்கும் மருந்து ஏற்றாததற்கும் என்ன சம்பந்தம்? அத்தனை பேர் முன்னால் அப்பா தலைகுனிந்து நின்றார். வீடு வரும்வரை பேசவில்லை. இரவில், "நான்தான் கெடுத்துட்டேனா தம்பி?" என்று கேட்டார். அந்த ஊழியரை என்னால் மன்னிக்க முடியாது.

முதல் நடையைச் சொல்லவில்லையே. ஸ்டென்ட் வைத்து எட்டு வாரம் ஆகாமல் மெஷினுக்குள் விடமாட்டோம் என்று திருப்பி அனுப்பினீர்கள். 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா காந்த சக்தி உள்ள மெஷின் இரண்டிலும் எடுக்கலாம் என்று ஸ்டென்ட் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அதை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரே போனில் பேசிய பிறகுதான் ஒத்துக்கொண்டீர்கள். இரண்டாவது முறை டெக்னீஷியன் லீவு. அப்பா வெறும் வயிற்றோடு மதியம் வரை காத்திருந்தார். அந்த மருந்தைச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்கிற கிரியேட்டினின் டெஸ்ட் எடுத்துவரச் சொன்னதும் நீங்கள்தான். மருந்தே ஏற்றாத ஸ்கேனுக்கு அது எதற்கு?

கார் வாடகை, பில், எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் போய்விட்டது. அது போகட்டும். பைபாஸ் முடிவு தள்ளிப்போகிறது. அப்பாவின் ஆயுளில் ஒரு மாதத்தைப் பறித்துவிட்டீர்கள். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அது ஈடாகாது.

தயவுசெய்து, கட்டணம் இல்லாமல் ஸ்கேனைச் சரியாக எடுத்து, தழும்பு சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பகுதி பகுதியாக எழுதிய ரிப்போர்ட்டைக் கொடுங்கள். ஏற்றாத மருந்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஏழு நாளில் பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் இதே கடிதத்தைக் கொடுப்பேன். பில்லும் சீட்டும் பத்திரமாக இருக்கின்றன.

நாளைக்கே கூப்பிட்டாலும் அப்பாவை அழைத்துவரத் தயாராக இருக்கிறேன். அன்றைக்குக் கவுன்டரில் அந்த ஊழியர் இருக்கக்கூடாது. அப்பாவிடம் யாராவது ஒருவர், "தப்பு எங்க மேலதான் ஐயா" என்று சொல்லவேண்டும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்,
தேவகோட்டை