மேப்பை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு மதியம் எங்களோட நடங்க ஐயா

மதிப்புக்குரிய துணைவேந்தர் ஐயா, பதிவாளர் ஐயா, வளாகத் திட்டக் குழுவுல இருக்கற எல்லா பெரியவங்களுக்கும் வணக்கம்.

நான் இதே வளாகத்துல எம்.எஸ்சி. முடிச்சு இப்ப பிஎச்.டி.யும் இங்கயே பண்ணிக்கிட்டு இருக்கற ஸ்காலர். குடியாத்தத்துலருந்து தினமும் ட்ரெயின்ல காட்பாடி வந்து, அங்கருந்து பஸ் புடிச்சு வர்றேன், ஏழாவது வருஷம் ஓடுது. பல்கலைக்கழகத்தோட பேரை இங்க போடல, ஏன்னா யாரையும் சந்தி சிரிக்க வைக்கறது என் நோக்கம் இல்ல, படிக்க வேண்டியவங்களுக்கு யாருன்னு புரியும்.

போன வாரம் ஃபீஸ் சலான் விஷயமா நிர்வாக கட்டடத்துக்கு வந்தப்ப வராண்டாவுல ஒரு பெரிய ஃபிளெக்ஸ் மாட்டி இருந்தத பாத்தேன். அடுத்த 20 வருஷத்துக்கான மாஸ்டர் பிளான். கண்ணாடி வெச்ச அஞ்சு மாடி ப்ளாக், நடுவுல பச்சைப்பசேல்னு புல்தரை, அதுல லேப்டாப்போட உக்காந்திருக்கற பசங்க படம், எல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, நம்ம இடமும் இப்படி வளரப்போவுதுன்னு சந்தோஷமாவும் இருந்துச்சு. அப்பறம் பஸ் ஸ்டாப்புலருந்து எங்க டிபார்ட்மெண்டுக்கு நாங்க தினமும் நடக்கற வேப்பமரப் பாதை அதுல எங்க இருக்குன்னு தேடினேன், ஃபிளெக்ஸ் முழுக்க தேடியும் கிடைக்கல. அந்த எடத்துல கார் பார்க்கிங்னு எழுதி இருந்துச்சு. அன்னிலருந்து மனசு ஆறல, அதனாலதான் இந்த மடல்.

அந்தப் பாதைய பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும். வேலூர் வெயில் உங்களுக்கு தெரியாதது இல்ல. அக்னி நட்சத்திரம் வர்றதுக்கு முன்னாடியே 40 டிகிரி தாண்டிடுது, மதியம் ரெண்டு மணிக்கு பஸ்ஸ விட்டு இறங்கினா கீழருந்து தார் ரோட்டு சூடு, மேலருந்து வெயில். கார்ல வர்றவங்க போர்டிகோவுல இறங்கி நேரா உள்ள போயிடுவாங்க, அத தப்புன்னு சொல்லல. ஆனா இந்த வளாகத்துல முக்கால்வாசி பேரு நடக்கறவங்கதான் ஐயா. ராணிப்பேட்டை, ஆற்காடு, அணைக்கட்டு, பேரணாம்பட்டுன்னு எங்கெங்கருந்தோ ரெண்டு பஸ் மாறி வர்ற பசங்க, சாப்பாட்டு பாக்ஸையும் ரெக்கார்டு நோட்டையும் தூக்கிக்கிட்டு பதினஞ்சு நிமிஷம் நடந்தாத்தான் கிளாஸ். அந்த பதினஞ்சு நிமிஷத்த தாங்க வைக்கறது ரெண்டு பக்கமும் நிக்கற வேம்பும் புங்கமும்தான். செமஸ்டர் பரீட்சை அப்போ பாதி பேர் கடைசியா ஒரு தடவை படிச்சுப் பாக்கறது அந்த மரத்தடியிலதான், லைப்ரரில இல்ல. மாத்திரை போடற நேரம் வந்தா உக்காந்து போட்டுட்டு போற வயசான ஆபீஸ் ஸ்டாஃப் இருக்காங்க. வைவா முடிச்சு அழுதவங்களும் அங்கதான் அழுதிருக்காங்க, நானும்தான்.

அந்தப் பாதைய தினமும் காலையில பெருக்கற அக்கா கிட்ட ஃபிளெக்ஸ் விஷயத்த சொன்னேன். தொடப்பத்த சாச்சு வெச்சுட்டு, "இன்னா பாப்பா சொல்ற, மரத்தை எடுத்துட்டா நாங்கோ எங்க குந்தி சாப்பிடறது?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் தெரியல. துப்புரவு வேலை செய்யறவங்களுக்கு உக்காந்து சாப்பிட ஒரு ரூம் எந்த ப்ளாக்லயும் இல்லங்கறது ஏழு வருஷத்துல அன்னிக்குத்தான் எனக்கே உறைச்சுது. புது பிளான்லயும் தேடிப் பாத்தேன், அப்படி ஒண்ணு இல்ல. வரைஞ்சவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களுக்கு யாருமே சொல்லலையே, தெரிஞ்சிருந்தா ஒரு மூலையில ஃபேன் போட்ட ஒரு ரூம் சேக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆகிடப்போவுது.

தண்ணி விஷயம் இதவிட பெருசு. பின் கேட்டுல நைட் டியூட்டி பாக்கற வாட்ச்மேன் அண்ணன் பக்கத்து ஊர்க்காரர், அவங்க அப்பா காலத்துலருந்தே அந்த ஊர் ஏரிப் பாசனத்துல பயிர் வெச்சவங்க. புது சயின்ஸ் ப்ளாக் வரப்போற இடத்த காட்டி, "அது ஏரிக்கு வர்ற கால்வாயும்மா, இப்ப முள்ளு மூடிக் கெடக்குது, மழை பேஞ்சா பாரு"ன்னு சொன்னாரு. பிளான்ல அந்த கால்வாயே இல்ல, வெறும் பச்சை பெயிண்டு. 2021 நவம்பர்ல பாலாத்துல கரை புரண்டு வெள்ளம் போச்சே, வருஷக்கணக்கா மணலா பாத்த ஆத்த பாலத்து மேல நின்னு ஊரே வேடிக்கை பாத்துச்சே, அந்த வாரம் சுத்துப்பட்டு ஏரியெல்லாம் நிரம்பி கோடி போச்சு, நம்ம பின்பக்க ப்ளாக்ல முழங்கால் அளவு தண்ணி நின்னு லேப்ல கீழ் ஷெல்ஃப்ல இருந்த கெமிக்கல் பாட்டில எல்லாம் நாங்க ராத்திரியில மேல தூக்கி வெச்சோம். வந்த தண்ணி அதோட பழைய வழியிலதான் வந்துச்சு, வழியில நம்ம கட்டடம் நின்னுக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான். இப்ப அதே வழியில இன்னும் பெருசா அஞ்சு மாடி கட்டப்போறோம். இதையே வெயில் காலத்துல யோசிச்சா வேற வேதனை, போர்ல தண்ணி இறங்கிடுது, ஹாஸ்டலுக்கு லாரித் தண்ணி வாங்கறோம், ஆனா மழைத்தண்ணி நிக்க வேண்டிய இடத்த மூடறோம்.

கணியம்பாடி பக்கம் நாகநதி இருக்கே, காஞ்சு கெடந்த அந்த ஆத்துல நூறு நாள் வேலைக்கு போற பொம்பளைங்க உறைகிணறும் தடுப்பும் கட்டி தண்ணிய நிலத்துக்குள்ள இறக்கினாங்க. மேப் பாத்து இடம் குறிச்சவங்களும் மண்வெட்டி புடிச்சவங்களும் சேந்து செஞ்ச வேலை அது. நம்ம ஜில்லாவுலயே கண்ணு முன்னாடி நடந்திருக்கறப்ப, வாட்ச்மேன் அண்ணனையும் இன்ஜினியரையும் ஒரு மணி நேரம் ஒண்ணா நிக்க வைக்க நம்மால முடியாதா?

கருத்து கேட்டோமேன்னு நீங்க சொல்லலாம். ஒரு கூகுள் ஃபார்ம் வந்துச்சு, உண்மைதான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மெயில்ல வந்துச்சு, ஞாயித்துக்கிழமை ராத்திரி மூடிட்டாங்க, முழுக்க இங்கிலீஷ், கேள்வியெல்லாம் உலகத்தரமான வளாகம் வேணுமா, ஆமா இல்ல அப்படிங்கற மாதிரி. வேணாம்னு யாரு சொல்லுவாங்க? மெஸ்ல சமைக்கறவங்களுக்கும், தோட்ட வேலை செய்யறவங்களுக்கும், கேட்டுக்கு வெளிய டீக்கடை வெச்சிருக்கற அம்மாவுக்கும் காலேஜ் மெயில் ஐடியே கிடையாது. அது கருத்து கேட்ட கணக்குல வராது ஐயா, மன்னிச்சுக்குங்க.

பக்கத்து ஊராட்சியில வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை நடக்குது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளிக்கூட வராண்டாவுலயோ கோயில் பக்கத்துலயோ ஜமுக்காளம் விரிச்சு, வரவு செலவ வாய்விட்டு படிக்கறாங்க, எந்திரிச்சு நின்னு ஒரு பாட்டி எங்க தெரு லைட்டு என்னாச்சுன்னு கேக்கலாம். எல்லா ஊர்லயும் ஒழுங்கா நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கேக்கறதுக்கு ஒரு நாள், ஒரு இடம் இருக்கு. இத்தனை டாக்டரேட் வாங்கினவங்க இருக்கற இடத்துல அந்த மாதிரி ஒரு நாள் கூட இல்லங்கறது எனக்கு வெக்கமா இருக்கு.

கேக்காம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு அகமதாபாத் ஐஐஎம் ஒண்ணு போதும். லூயி கான்ங்கற பெரிய ஆர்க்கிடெக்ட் வடிவமைச்ச 18 ஹாஸ்டல் கட்டடத்துல 14ஐ இடிச்சுட்டு புதுசா கட்டப்போறோம்னு 2020 டிசம்பர்ல தகவல் வெளிய வந்துச்சு. பழைய மாணவங்களும் உலகம் முழுக்க இருக்கற ஆர்க்கிடெக்டுங்களும் கொதிச்சுப் போனாங்க, 2021 ஜனவரி 1ஆம் தேதியே நிர்வாகம் அத வாபஸ் வாங்கிடுச்சு. கட்டடம் பழசாகி ஒழுகுதுங்கற நிர்வாகத்தோட கவலையும் நிஜம்தான், அத முதல்லயே எல்லார் முன்னாடியும் வெச்சிருந்தா பேச்சு வேற மாதிரி போயிருக்கும். நம்ம ஊருக்கே இது புது பாடம் இல்ல. 1806 ஜூலை 10ல நம்ம கோட்டையில சிப்பாய்ங்க எழுந்ததுக்கு பல காரணம் சொல்லுவாங்க, அதுல முக்கியமான ஒண்ணு புது தலைப்பாகை. நெத்தியில குறி கூடாது, கம்மல் கூடாது, தாடி கூடாதுன்னு மேலருந்து உத்தரவு வந்துச்சு, போட்டுக்க வேண்டியவங்கள ஒரு வார்த்தை கேக்கல. மிரட்டறதுக்காக இத சொல்லல, கோட்டைய தினமும் பஸ்ல தாண்டிப் போறவங்களுக்கு ஞாபகம் வரத்தான் செய்யும்.

நல்லா செஞ்ச இடமும் இருக்கு. அமெரிக்காவுல ஓரிகன் பல்கலைக்கழகத்துல 1970கள்ல கிறிஸ்டோபர் அலெக்சாண்டர்ங்கற ஆர்க்கிடெக்ட்டோட குழுவ திட்டம் போட கூப்பிட்டாங்க. இருபது வருஷம் கழிச்சு எப்படி இருக்கணும்னு இன்னிக்கே ஒரு மேப் வரைஞ்சு வெக்கறதே சரிப்படாதுன்னு அவங்க சொன்னாங்க. என்ன கட்டணும், எப்படி கட்டணும்ங்கறது அத பயன்படுத்தப்போறவங்க கையில இருக்கணும், பெரிய கட்டடத்துக்கு ஒதுக்கற அளவு காசு சின்ன சின்ன வேலைங்களுக்கும் போகணும், வருஷா வருஷம் வளாகத்த சுத்தி வந்து எந்த இடம் உசுரோட இருக்கு எந்த இடம் செத்துக் கெடக்குன்னு மேப்புல குறிக்கணும், அப்படின்னாங்க. எனக்கு இதுல புடிச்சது அந்த கடைசி விஷயம்தான். நம்ம வளாகத்துக்கு அந்த மேப்ப நாங்களே ஒரு வாரத்துல போட்டுக் குடுப்போம். வேப்பமரப் பாதை உசுரோட இருக்கு, அட்மின் முன்னாடி பேவர் பிளாக் போட்ட பெரிய முற்றத்துல சுதந்திர தினத்த தவிர எவரும் நிக்கறது இல்ல, ஏன்னா கால் வெக்க முடியாது.

சின்ன வேலைன்னு சொன்னேனே, அதுக்கு ஒரு உதாரணம். என் கூட ரிசர்ச் பண்ற ஃப்ரெண்டு வீல்சேர்ல வர்றவரு. எங்க ப்ளாக்ல சாய்தளம் கட்டி இருக்காங்க, அழகா கைப்பிடியோட. ஆனா சாய்தளம் ஆரம்பிக்கற இடத்துக்கு போகவே ரெண்டு படி ஏறணும். தினமும் ரெண்டு பேரு தூக்கறோம், அவரு தினமும் எங்க கிட்ட சாரி சொல்றாரு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அணுகல் வசதி விதிங்கள பூர்த்தி பண்ணாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றே தரக்கூடாது. கட்டறப்ப அவர மாதிரி ஒருத்தர ஒரு தடவை கூட்டிட்டு போய் காட்டி இருந்தா ஒரு மூட்டை சிமெண்டுல முடிஞ்சிருக்கும். பொண்ணுங்க டாய்லெட், பஸ் ஸ்டாப் லைட்டு இதெல்லாமும் இதே கதைதான், தனியா எழுதினா தீராது.

எங்களுக்கு எல்லாத்தையும் நாங்களே முடிவு பண்ணணும்னு ஆசை இல்ல. பணம் எங்கருந்து வருது, அரசாங்க அனுமதி என்ன, எந்த டிபார்ட்மெண்டுக்கு எவ்ளோ லேப் வேணும்ங்கற சிக்கல் எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். டெண்டர் விடறதுக்கு முன்னாடி ஒரு மாசம் மட்டும் நிறுத்தி வைங்க. வரைபடத்த தமிழ்லயும் போட்டு, பஸ் ஸ்டாப்லயும் மெஸ் வாசல்லயும் பின் கேட்டுலயும் ஒட்டுங்க, பக்கத்துல ஒரு நோட்டும் பேனாவும் வைங்க, எழுதத் தெரியாதவங்க சொல்றத நாங்க உக்காந்து எழுதித் தர்றோம். பக்கத்து ஊர் ஏரிப் பாசனக்காரங்கள ஒரு நாள் கூப்பிடுங்க. ஸ்டூடண்ட்ஸ், துப்புரவு வேலை செய்யறவங்க, மாற்றுத்திறனாளிங்க, இவங்கள்ல ஒருத்தர் ஒருத்தராவது குழுவுல உக்காரட்டும், டீ குடுத்து அனுப்பறதுக்காக இல்லாம ஓட்டுரிமையோட. முக்கியமா, வந்த கருத்துல எத எடுத்துக்கிட்டோம், எத விட்டோம், ஏன் விட்டோம்னு எழுதி ஒட்டுங்க. முடியாதுன்னு காரணத்தோட சொன்னா ஏத்துக்குவோம். பதிலே வராம மறுநாள் காலையில மரம் அறுக்கற மெஷின் வந்து நிக்கறததான் தாங்க முடியாது.

வர்ற புதன்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மெயின் ரோடு பஸ் ஸ்டாப்ல நாங்க நிப்போம், நான், வீல்சேர் ஃப்ரெண்டு, பெருக்கற அக்கா, டியூட்டி இல்லாததால வாட்ச்மேன் அண்ணனும் வர்றேன்னு சொல்லி இருக்காரு. பஸ் ஸ்டாப்புலருந்து கால்வாய் வரைக்கும் நடந்தா ஒரு மணி நேரம் கூட ஆகாது. நீங்களும் வாங்க ஐயா, வரைஞ்ச ஆர்க்கிடெக்ட்டையும் கூட்டிட்டு வாங்க. குடிக்க தண்ணி நாங்க கொண்டு வர்றோம்.