பாதிக் காசு

அன்பு மகனுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். அடுத்த வளவுக்காரர் வெள்ளிக்கிழமை ரொறன்ரோ வருகிறார்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி எல்லாம் கொடுத்துவிடுகிறோம். இந்தக் கடிதம் மிளகாய்த்தூளுக்கு அடியில் இருக்கும். போனில் கதைக்கலாம்தான், ஆனால் நீ "வேலை அப்பா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். இரண்டு மாதமாகிறது. இரவு வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குப் போ, தம்பி.

போன ஆவணியில் கரண்ட் போன இரவு, விறாந்தையில் இருந்து எனக்கு ஒரு போக்கர் கடதாசி விளையாட்டுச் சொல்லித் தந்தாய். அதை இப்போது தனியாகப் போட்டுப் பார்க்கிறேன். நம் ஊர்க் கடதாசி ஆட்டம் 304-ஐ நாலு பேர் ஆடும்போது இரண்டு முதல் ஆறு வரை ஒதுக்கிவிட்டு 32 கடதாசியோடு ஆடிய கை இது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று பழகிய தலை. உன் விளையாட்டில் நாங்கள் ஒதுக்கிய அந்தச் சின்னக் கடதாசிகளுக்குத்தான் பாதிக் காசு. அது பிடிபட எனக்கு ஒரு கிழமை ஆனது.

ஆளுக்கு ஏழு கடதாசி. முதலில் இரண்டு கவிழ்த்து, ஒன்று நிமிர்த்தி. பிறகு ஒவ்வொன்றாக மூன்று நிமிர்த்தி. கடைசி மறுபடி கவிழ்த்து. எட்டுப் பேர் கடைசிவரை நின்றால் 56 வேண்டும், கட்டில் இருப்பது 52, அதனால் கடைசிக் கடதாசி ஒன்றை நடுவில் போட்டு எல்லோருக்கும் பொதுவாக்குவார்கள் என்றாய். எண்ணிப் பார்த்தேன், சரிதான். கணக்கில் நீ எப்போதும் கெட்டிக்காரன். நடுவில் சேரும் காசில் பாதி பெரிய கைக்கு, பாதி சின்னக் கைக்கு. சின்னக் கை என்றால் எட்டோ அதற்குக் கீழோ ஐந்து, சோடி இல்லாமல். தொடராக வந்தாலும் ஒரே இனமாக வந்தாலும் அதற்குக் குறையில்லை. ஆஸ் இரண்டு பக்கமும் செல்லும். ஆஸ், இரண்டு, மூன்று, நாலு, ஐந்து வந்தால் சின்னக் கைகளில் அதற்கு மேல் இல்லை, தொடராக நின்று பெரிய கைக்கும் போட்டியிடும். ஒருவருக்கும் சின்னக் கை அமையாவிட்டால் முழுவதும் பெரிய கைக்கே.

ஐந்து தரம் காசு போட வேண்டும். கடைசி மூன்று தரமும் இரட்டிப்பு. இதுதான் என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை. இந்தப் பாதி இல்லாவிட்டால் அந்தப் பாதி என்று ஒருவனும் எழும்ப மாட்டான். நான் தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று பேர் நூறு நூறு போட்டால் 300. பெரிய கைக்காரன் 150 எடுக்கிறான். சின்னக் கை உனக்கும் மற்றவனுக்கும் சமம் என்றால் ஆளுக்கு 75. நீ காசை வழித்து எடுக்கிறாய், மேசையில் இருப்பவர்கள் நீ வென்றதாகப் பார்க்கிறார்கள், ஆனால் உன் கையை விட்டு 25 போய்விட்டது. விடிய வீட்டுக்குப் போய் மருமகளிடம் வென்றேன் என்றுதானே சொல்லுவாய்?

அக்காவின் கலியாணம், இந்த வீட்டுக் கூரை எல்லாம் உன் உழைப்பு. ஊரில் தலை நிமிர்த்தித்தான் நடக்கிறேன். அப்படிப்பட்ட நீ, நேரத்துக்குச் சாப்பிடு, நேரே வீட்டுக்குப் போ.

போன ஞாயிறு மருமகள் எடுத்தாள். "கிணற்று மோட்டருக்கு இவர் அனுப்பின காசு வந்ததா மாமா?" என்று கேட்டாள். வந்தது என்று சொன்னேன். மோட்டர் போட்டுவிட்டோம், நன்றாக இறைக்கிறது என்றும் சொன்னேன். அம்மா அந்த நேரம் வாளியோடு கிணற்றடியில் நின்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பொய் பழக்கம், தம்பி. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, உன்னைச் சைக்கிள் பாரில் வைத்து உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினோம். உனக்கு ஐந்து வயது. நெருக்கத்தில் நீ அழ, அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் தூக்கினாள், காப்புகள் அங்கே விழுந்தன என்றுதான் உனக்குத் தெரியும். போன வருடம் வாகனத்தில் வரும்போதும் பாலத்தடியில், "என்னால்தானே அம்மாவின் காப்புப் போனது" என்றாய். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காப்பு பாலத்தில் விழவில்லை. இடம்பெயர்ந்து போய்த் தங்கிய கொடிகாமத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தென்னைகளுக்குக் கீழே 304 ஆடினோம். முதலில் பீடிக்கு, பிறகு காசுக்கு. முதல் நாள் வென்றேன், அதனால் இரண்டாம் நாளும் போனேன். இரண்டு காப்பையும் நான்தான் எடுத்துக்கொண்டுபோய் விற்றேன். அம்மா தேடியபோது, "தம்பி அழுதபோது பையைக் கீழே வைத்தாயல்லவா" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் கட்டினேன். அவள் இன்றைக்கும் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது வெறும் கையைத் தடவுவாள்.

மோட்டர்க் காசை நீ அனுப்ப வேண்டாம், வாளி போதும். மருமகளிடம் உண்மையைச் சொல்லு.

சனிக்கிழமை எங்கள் விடியலில் போன் எடு. அம்மா பக்கத்தில் இருப்பாள், காப்புக் கதையை எடுக்காதே. அதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா