போத்து அழுகாமல் வேர் பிடிக்க

அன்பு மகளுக்கு,

நான் அனுப்பிய பொட்டலம் கைக்கு வந்ததும் நாளிதழைப் பிரித்து, நான்கு புருக்மான்சியாப் போத்துகளையும் (நட்டு வேர்பிடிக்க வைப்பதற்கு வெட்டிய தண்டுகள்) நிழலில், காற்றுப் படும் இடத்தில் படுக்க வை. தண்ணீரில் போடாதே, ஈரத்துணியும் சுற்றாதே. பெரிய பூக்கள் மணிபோல் தொங்குகிற இந்தச் செடியின் தண்டு தனக்குள்ளேயே ஈரம் வைத்திருக்கும். மூன்று நாள் சும்மா கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்பினால்தான் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வந்து சேர்வதற்குள் நுனி குழைந்துவிடும். அதனால்தான் காய்ந்த தாளில் சுற்றினேன்.

நீ முன்பு வைத்த போத்துகள் ஒரு வாரத்தில் கருத்துப்போனது ஏன் என்று கேட்டாயே. வாங்கிய கருப்பு மண், அடியில் கூழாங்கல், மேலே பிளாஸ்டிக் பை. இந்த மூன்றுமே காற்றை அடைத்த காரியங்கள்தான். வெட்டிய இடத்தில் உயிரணுக்கள் மூச்சுவிட்டபடிதான் புண்ணை மூடும், அப்புறம் வேரைத் தள்ளும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். ஆனால் சூடு ஏற ஏறத் தண்டுக்குத் தேவைப்படும் மூச்சோ கூடும். வரவு குறைந்து செலவு கூடுகிற இந்த நேரம் பார்த்து பித்தியம் மாதிரி நீரில் வாழும் கிருமி புண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது. எனவே அழுகலுக்கு மருந்து தேடி அலையாதே, அடிப்பக்கம் காற்றுப் போக வழி செய்.

போத்துக்கு அடியில் சூடு கொடு, மேலே பை போட்டு மூடு என்று எழுதுகிறார்களே, அது குளிர்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னது. உன் பால்கனியில் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24, காற்றில் எப்போதும் ஈரம். அவர்கள் காசு கொடுத்து உண்டாக்குகிற சூடும் ஈரமும் உனக்குச் சும்மாவே கிடைக்கின்றன. அதற்கு மேல் பையும் போட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சைதான் வளரும்.

கூழாங்கல் விஷயம் பலரும் நம்பிச் செய்வது, நீ மட்டும் இல்லை. ஓட்டை போட்ட எந்தச் சட்டியிலும் ஊற்றின தண்ணீர் முழுக்க வடிந்துவிடாது. அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் தண்ணீரைப் பிடித்தபடியே நிற்கும். கல் போட்டால் அந்தச் சொதசொதப்பான அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி, போத்தின் அடிக்கு இன்னும் கிட்டே வந்துவிடும். கல்லே வேண்டாம்.

வெட்டும்போது கையுறை போட்டுக்கொள். ஊமத்தைக் குடும்பம்தானே இதுவும். இலை, தண்டு, பூ, விதை எல்லாவற்றிலும் ஸ்கோபொலமின், ஹயோசயமின், அட்ரோபின் இருக்கின்றன. சாறு பட்ட விரலால் கண்ணைத் தேய்த்தால் கண் பாப்பா விரிந்து, பார்வை மங்கி, நாள் கணக்கில் அப்படியே நிற்கும். ஒரு கண் மட்டும் விரிந்திருந்தால் டாக்டர் மூளையில் ஏதோ என்று பதறுவார், செடியைத் தொட்டதை முதலிலேயே சொல்லிவிடு. பேரன் தவழ்கிற வயது. கழித்த இலைகளை உடனே கட்டிக் குப்பையில் போடு, சட்டிகளை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வை. சமையலறைக் கத்தி, பலகை எதையும் இதற்கு எடுக்காதே.

அனுப்பியவை எல்லாம் பட்டை சாம்பல் நிறத்துக்குத் திரும்பிய, பென்சிலை விடச் சற்றுத் தடித்த தண்டுகள். பச்சை நுனித்தண்டு வேர் விடுவதில் முந்தும், அழுகுவதிலும் முந்தும். நம் ஊர்ச் சூட்டில் அதை நம்ப முடியாது. இன்னொன்றும் கவனி. தாய்ச்செடி முதலில் ஒற்றைத் தண்டாக ஏறி, ஓர் இடத்தில் கவட்டையாகப் பிரியும். கவட்டைக்கு மேலே வெட்டிய போத்து குட்டையாக இருக்கும்போதே பூக்கும். கீழே வெட்டியது மறுபடி உயர்ந்து கவட்டை போட்ட பிறகுதான் பூக்கும். கவட்டைக்கு மேலே உள்ள இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்போடு சேரும் இடம் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயுமாகச் சமமில்லாமல் இருக்கும். பால்கனிச் செடி என்பதால் உனக்கு மேலே உள்ளதைத்தான் வெட்டினேன்.

ஒவ்வொன்றையும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்கு. கீழ்நுனி கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக, மேல்நுனி நேராக. சாய்வு எது, நேர் எது என்று பார்த்தால் தலைகீழாக நட்டுவிட மாட்டாய். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் 70 சதவீத ஆல்கஹாலில் துடை. நோய் கத்தியில் ஏறி அடுத்த தண்டுக்குப் போகும். இலையைப் பிய்க்காதே, பட்டையும் சேர்ந்து உரிந்து புதுப்புண் ஆகும். காம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டு நறுக்கு. மிச்சக் காம்பு சில நாளில் மஞ்சளாகித் தானே விழும், அதற்குள் அதன் அடியும் மூடியிருக்கும். உச்சியில் சின்ன இலை ஒன்றிரண்டு போதும். அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க வெட்டுவாய் காயட்டும். தொட்டால் பிசுபிசுக்காமல் இருக்க வேண்டும்.

வேரைத் தூண்ட விற்கிற பொடி தேவையில்லை. அது இல்லாமலே இந்தச் செடி வேர் விடும். மஞ்சள்தூள் அப்பச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம், ஈரத்தில் களிம்பாகிப் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும்.

கலவை: மைலோ டின்னால் அளந்து பெர்லைட் (பொரித்த வெள்ளை எரிமலைக்கல்) இரண்டு, கோக்கோபீட் (தேங்காய்நார்த் தூள்) ஒன்று. கோக்கோபீட்டில் உப்பு இருக்கலாம், வடிகிற நீர் தேநீர் நிறம் போய் வெளுக்கும்வரை அலசு. பெர்லைட் கிடைக்காவிட்டால் எரித்த உமி எடுத்துக்கொள், ஆனால் சாம்பல் போக அதையும் அலச வேண்டும். உரம், கம்போஸ்ட், கருப்பு மண் எதுவும் சேர்க்காதே. வேரே இல்லாத தண்டுக்கு உரம் எதற்கு? அதில் உள்ள உப்பு புண்ணைச் சுடும், மட்கு கிருமிக்கு உணவாகும். கலந்ததைக் கையில் பிடித்து இறுக்கிப் பார். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் பரப்பி உலர்த்து.

சட்டி வாங்கக் கடைக்குப் போகாதே. மாமாக் உணவுக்கடையில் தே ஐஸ் (குளிர்ந்த பால் தேநீர்) தருகிற தெளிந்த பிளாஸ்டிக் கப் இதற்கு எல்லாவற்றையும்விட நல்லது. ஆணியைச் சூடாக்கி அடியில் எட்டு ஓட்டை, பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு ஓட்டை போடு. அதை நிறமுள்ள இன்னொரு கப்புக்குள் இறக்கு, அதன் அடியிலும் ஓட்டை இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி பிடிக்கும், வெளிக்கப் அதைத் தடுக்கும். பார்க்க வேண்டும்போது உள்கப்பை மட்டும் தூக்கினால் போதும், போத்தைப் பிடுங்கிப் பார்க்கிற ஆசை வராது. அப்படிப் பிடுங்கியே பலபேர் முளைத்த வேரை முறிக்கிறார்கள்.

கப் 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் கலவை 11 வரை. முதலில் ஒரு குச்சியால் குழி போட்டு, இரண்டு கணு உள்ளே போகும்படி ஆறு சென்டிமீட்டர் ஆழத்தில் நடு. அடியில் ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும், நான் சொன்ன சொதசொதப்பு அடுக்கு வெட்டுவாயைத் தொடாது. எல்லாரும் அடிவரை குத்தி இறக்குகிறார்கள், தண்டு ஆடாமல் நிற்கட்டும் என்று. ஆடினால் பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி குத்திக் கட்டு.

நட்டதும் ஒரு தடவை நன்றாக ஊற்றி வடியவிடு, கப்பைத் தூக்கி எடையைக் கை நினைவில் வைத்துக்கொள். அப்புறம் கப் இலேசாகி, மேலே இரண்டு சென்டிமீட்டர் காய்ந்தால் மட்டும் ஊற்று. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை வரும். வாட்டமாகத் தெரிகிறதே என்று தினமும் ஊற்றாதே. இலை வாடினால் இலையைக் குறை, தண்ணீரைக் கூட்டாதே.

வைக்கிற இடம் நல்ல வெளிச்சமாக, நேர் வெயில் படாததாக இருக்கட்டும். உன் பால்கனியில் ஏர்கோனின் வெளி யூனிட் சூடான காற்றைத் தள்ளுகிற பக்கம் வேண்டாம். அந்தக் காற்று இலையை ஒரே நாளில் சுருட்டிவிடும். சாரல் அடிக்கிற ஓரமும் வேண்டாம். தலைநகரில் மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை கொட்டும், அப்போது உள்பக்கச் சுவரை ஒட்டி வை.

தண்ணீரில் வேர்விடப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், ஒரே ஒரு போத்தில். நிறக் குப்பியில் நான்கு சென்டிமீட்டர் தண்ணீர் போதும், கழுத்துவரை நிரப்பாதே. ஒவ்வொரு நாளும் மாற்று, குப்பியையும் தேய்த்துக் கழுவு. ஃபார்மசியில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி விடலாம், அது கொஞ்ச நேரத்துக்குத்தான் உதவும், தண்ணீர் மாற்றுவதற்கு ஈடாகாது. தேங்கிய நீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான நம் நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதார அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து சோதித்து அபராதம் போடலாம். சட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். தண்டில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளை முண்டுகள் தெரிந்து வேர் இரண்டு சென்டிமீட்டர் ஆனதும் கலவைக்கு மாற்று. நீர் வேர் எளிதில் முறியும், நீளவிடாதே.

எதைப் பார்த்துப் பயப்படுவது? பட்டை கீழிருந்து கருத்து, விரலால் அமுக்கினால் குழைந்து தோல் வழுக்கினால் அழுகல். நாற்றம் வந்தால் பாக்டீரியா. உடனே எடுத்து மேலே மேலே நறுக்கிப் பார். நடுச்சோறு வெள்ளையாக, சுற்றுவட்டம் பச்சையாக, ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லாத இடம் வரும்வரை வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடை. இரண்டு கணு மிஞ்சினால் மறுபடி ஒரு நாள் காயவைத்துப் புதுக் கலவையில் நடு, பழைய கலவையைக் கொட்டிவிடு. மேல்நுனி மட்டும் காய்ந்து பழுப்பானால் அது வெறும் உலர்வு, விட்டுவிடு. எல்லா இலையும் உதிர்ந்து மொட்டைக் குச்சியாக நின்றாலும் பயப்படாதே. நகத்தால் கீறினால் பச்சை தெரிகிறதா? உயிரோடிருக்கிறது.

தளிர் விட்டதும் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. தண்டில் சேர்த்த உணவை வைத்தே அது தளிர்க்கும், வேர் பிறகும் வரலாம். மூன்று நான்கு வாரத்தில் கப்பின் சுவரில் வெள்ளை வேர் சுற்றி ஓடுவதைப் பார்த்தபிறகுதான் 15 சென்டிமீட்டர் சட்டிக்கு மாற்று. பெரிய சட்டிக்கு நேரே தாவாதே, வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகலில் கொண்டுவிடும். புது இலை நான்கைந்து வந்த பிறகு உரத்தைப் பாதி அளவில் தொடங்கு, காலை வெயிலுக்கும் மெல்ல மெல்லப் பழக்கு. அதன்பின் இது பெரும்பசிக்காரி, தண்ணீரும் உரமும் அள்ளிக் குடிக்கும்.

உனக்கு அனுப்பியது வெள்ளைப் பூ, சுவவோலென்ஸ் வகை. சமவெளிச் சூட்டைத் தாங்கும். சிவப்புப் பூ சங்குவினியாவை எங்கே பார்த்தாலும் வாங்காதே, அது ஆண்டிஸ் மலைக்குளிரின் செடி. உன் வெள்ளைச் செடி, குளிரான கேமரன் மலையில் காணும் அடர்த்தியில் உன் வீட்டில் பூக்காது, ஆனாலும் பூக்கும், இரவில் வாசமும் வீசும். புருக்மான்சியாவின் ஏழு இனங்களும் இயற்கைக் காட்டில் அழிந்தவை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியல் வகைப்படுத்தியிருக்கிறது. மனிதர் வீட்டில் போத்துப் போத்தாக நட்டுத்தான் இவை இன்றும் இருக்கின்றன. ஆகவே நான்கும் பிடித்தால் இரண்டைத் தெரிந்தவர்களுக்குக் கொடு, விஷம் என்பதையும் சொல்லிக் கொடு.

பத்தாம் நாள் உள்கப்பைத் தூக்கி, பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு. தண்டு கருத்திருந்தால் வெட்டுவாயைக் கிட்டே வைத்து இன்னொரு படமும் எடு, எங்கே நறுக்குவது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா
ஆயர் ஈத்தாம், பினாங்கு