ஹாப்கினுக்கு இழைக்கப்பட்ட அநீதி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தடுப்பூசி என்றதும் ஜென்னரையும் பாஸ்டரையும் நினைவுகூரும் நாம், இந்திய மண்ணில் உழைத்த வால்டெமார் ஹாப்கினை ஏனோ மறந்துவிடுகிறோம். 1860-இல் ஒடெசாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892-இல் அதைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திப் பார்த்தபின், அடுத்த ஆண்டே இந்தியா வந்து கல்கத்தாவின் சேரிகளில் மக்களுக்கு ஊசி போட்டார்.

1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் தாழ்வாரமுமே அவருக்கு ஆய்வுக்கூடம். இறைச்சிச் சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டால், பிளேக் கிருமிகள் அவற்றைப் பற்றிக்கொண்டு விழுதுகளாகக் கீழ்நோக்கி வளரும். அவற்றைச் சூட்டால் கொன்று தயாரித்த பிளேக் தடுப்பு மருந்தை 1897 ஜனவரி 10 அன்று மீண்டும் தமக்கே செலுத்திக்கொண்டார்.

1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் ஒரே புட்டி மருந்தைப் பெற்ற 19 பேர் ரணஜன்னியால் (டெட்டனஸ்) இறந்தனர். புட்டியைத் திறக்கும்போது தரையில் விழுந்த இடுக்கியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்யாததே காரணம் என்று கருதப் போதிய சான்றுகள் இருந்தும், பழி ஆய்வுக்கூடத்தின் மீதே விழுந்தது. ஹாப்கின் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் வெளிப்படையாக வாதாடிய பிறகே, 1907-இல் அவர்மீதான களங்கம் நீங்கியது. ஆயினும் அவருக்குக் கிடைத்தது கல்கத்தாப் பணிதான், தாம் நிறுவிய பம்பாய் ஆய்வுக்கூடத்தின் தலைமை (1925-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்!) திரும்பக் கிடைக்கவேயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்